பெருங்காயம் போட்ட கிம்ச்சி

சுந்தராம்பாள் கைப்பையிலிருந்து பெருங்காய டப்பாவை எடுத்தபோதே கனகா பிடுங்கியிருக்க வேண்டும். கையை நீட்டுவதற்குள் தூள், கொரிய ஊறுகாயான கிம்ச்சியின் மசாலாவில் விழுந்துவிட்டது.

"அடிப்பாவி! என்ன காரியம் பண்ணினே?"

"எத்தனை பூண்டு போட்டிருக்காங்க பாருங்கக்கா. முட்டைக்கோஸ் வேற. வாயு புடிச்சுக்காதுங்களா?" என்றாள் சுந்தராம்பாள், பரம சாதுவாக.

கனகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நியாயமா இது? மூன்று மாதமாக ஒரு சனிக்கிழமை தவறாமல், இந்த வளைகுடா நகரத்தின் முவைலா பகுதியில் நடக்கும் கொரிய வகுப்புக்கு வருகிறாள். பாதி நேரம் சமையல், பாதி நேரம் கைவேலை. வகுப்பு நடத்தும் பார்க் மேடத்துக்குச் சம்பளத்துக்கு ஓர் உதவியாளர் வேண்டுமாம். யாரென்று இன்று மத்தியானம் சொல்லப்போகிறார். அது தான்தான் என்று கனகாவே முடிவு செய்து வைத்திருந்தாள். "சீரியல் பார்த்துக் கொரியா கத்துக்கிட்டவளுக்கு எவன் வேலை தருவான்?" என்று சிரித்த புருஷன் முரளிதரன் முகத்தில் கரியைப் பூசியாக வேண்டுமே!

இன்றைக்கு ஆளுக்கொரு புதுத் தோழியைக் கூட்டி வரச் சொன்னார் மேடம். போன மாதம்தான் ஈரோட்டிலிருந்து எதிர் ஃபிளாட்டுக்கு வந்த சுந்தராம்பாளை, 'பாவம், நாலு இடம் பார்க்கட்டும்' என்று அழைத்து வந்தாள். வந்த இடத்தில் இந்தக் கூத்து.

பார்க் மேடம் மூக்கை உறிஞ்சியபடி அருகில் வந்தார்.

"ஜிஞ்சர் மேடம்! இண்டியன் ஜிஞ்சர்!" என்று எல்லாப் பல்லையும் காட்டினாள் கனகா.

மேடம் விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

"இஞ்சின்னு ஏனுங்கக்கா பொய் சொன்னீங்க?"

"வாயை மூடு. எல்லாம் உன்னாலதான்!"

வாசனை ஹால் முழுக்கப் பரவுவதற்குள் கிம்ச்சி டப்பாவை மூடி மறைத்தாக வேண்டும். மேசையில் போஜாகி ஒன்று கிடந்தது. கொரியாவில் பரிசுப் பொருளைப் பொதிந்து கொடுக்கும் துணி அது. கலர் கலராகத் துண்டுகளை ஒட்டித் தைத்து, மாதிரிக்காக மேடம் கொண்டுவந்து வைத்திருந்தார். கனகா அதை இழுத்து டப்பாவைச் சுற்றினாள்.

"ஒரு முடிச்சுப் போடு, சீக்கிரம்!"

சுந்தராம்பாள் போட்டாள். ஊருக்கு அனுப்பும் பார்சலுக்குப் போடுகிற முடிச்சு.

"எல்லாரும் டப்பாவைத் திறங்க, ருசி பார்க்கலாம்" என்று ஆங்கிலத்தில் அறிவித்தார் மேடம்.

முடிச்சு அசையவில்லை. நகம் உடைந்தது. பல்லால் கடித்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஆத்திரத்தில் கத்தரிக்கோலை எடுத்து ஒரே வெட்டு வெட்டினாள் கனகா. முடிச்சோடு ஒரு கைப்பிடித் துணியும் சேர்ந்து வந்தது.

"ஐயோ அக்கா! அவங்க ஆறு மாசம் உக்காந்து தைச்சதுன்னு காட்டினாங்களே!"

"தெரியும், கத்தாதே! நீ வெட்டினதா சொல்லிடறேன்."

"நான் வெட்டலீங்களே!"

"அதனாலென்ன? புதுசா வந்தவ, உன்னை மன்னிச்சிடுவாங்க. எனக்கு வேலையில்ல போயிடும்? கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து கொரியா காட்டினதுக்கு இந்த உதவிகூடச் செய்ய மாட்டியா? என்ன நன்றிகெட்ட உலகமடா சாமி!"

திரும்பினால், பின்னால் பார்க் மேடம்.

"ஸாரி மேடம், மை ஃபிரெண்ட் கட்டிங்! ஷி நியூ, நத்திங் நோயிங்!" என்று சுந்தராம்பாளை முன்னால் தள்ளினாள் கனகா.

சுந்தராம்பாளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மேடம் கிழிந்த துணியை எடுத்து மடித்தார். பிறகு அவள் தோளில் கை வைத்து, நல்ல தமிழில் சொன்னார்.

"அழாதம்மா, அடுத்த சனிக்கிழமையிலேர்ந்து நீ வேலைக்கு வந்துடு. நான் ஸ்ரீபெரும்புதூர்ல எட்டு வருஷம் குடியிருந்தவ. யார் வெட்டினதுன்னு உங்கக்காவே சொல்லக் கேட்டேன்."