முளைப்பாரிக்குப் போன எரு

பந்தல்குடி உரக்கடை சோலைச்சாமி மாமா அவர்களுக்கு, மருமகன் ராஜகுரு வணங்கி எழுதுவது. இங்கு நானும் ஈஸ்வரி அக்காவும் ஆடுகளும் சுகம். கத்தரி நாற்று சுகமில்லை. சரியாகச் சொன்னால், நாற்றே இல்லை.

உங்கள் கிணற்றடி நாற்பது சென்ட்டை ஒரு பருவத்துக்கு என்னிடம் விட்டபோது பேசியது நினைவிருக்கிறது. மருந்தே அடிக்காமல் கத்தரி வளர்த்துக் காட்ட வேண்டும். நாற்று செத்தால், நிலத்தை விட்டுவிட்டு உங்கள் கடையில் பூச்சிமருந்து விற்க உட்கார வேண்டும். நுண்ணுயிரியலில் எம்.எஸ்சி. முடித்தவன். சிரித்தபடி சரி என்றேன்.

நடந்தது இது. டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையை எருவில் கலந்து, தண்ணீர் தெளித்து, சாக்கு மூடி, வேம்பு நிழலில் பதினைந்து நாள் வைத்தேன். அது பெருகி, நாற்றை அழுகவைக்கும் கெட்ட பூஞ்சையைத் தின்றுவிடும், வேர்ப்புழுவையும் அண்டவிடாது என்று அக்காவுக்குப் பாடம் நடத்தினேன். "தின்னுட்டு அது எங்க போகும்?" என்றாள். சாக்கை இன்னும் இழுத்து மூடினேன். அந்த எருவைப் பாத்தியில் போட்டு விதைத்தேன், நாற்று முளைத்தது, கண்ணுக்குள் வைத்துப் பார்த்தேன், மூன்று வேளையும் குடம் குடமாக ஊற்றினேன், பத்தாம் நாள் தண்டு கறுத்து வரிசையாகப் படுத்துவிட்டது, அதே வாரம் அம்மன் பொங்கலுக்கு அக்காவும் தெருப் பெண்களும் இருட்டறையில் வளர்த்த முளைப்பாரி வெளியே வந்தது, ஒரு சட்டியில்கூட அழுகல் இல்லை, முழ உயரம், அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் திருச்சுழிக்குப் போயிருந்த அன்று என் எருவைச் சட்டிகளுக்கு அள்ளிக்கொண்டு, வெறும் எருவைச் சாக்கின்கீழ் நிரப்பி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே மாமா, பரிசோதனை தோற்கவில்லை. இடம் மாறி வென்றிருக்கிறது.

ஊர்வலத்தில் அளவுகோலோடு சட்டிகளின் பின்னால் நடந்தேன். "ஏலே, சாமிக்கே உசரம் பாக்குறியா?" என்றார் பக்கத்து வீட்டு பால்சாமி அண்ணன். சாட்சிக்கு ஒரு சட்டியையாவது விடுங்கள் என்று கெஞ்சினேன். குலவையோடு எல்லாவற்றையும் கண்மாயில் கரைத்துவிட்டார்கள். எல்லோரும் அம்மனைக் கும்பிட்டார்கள். நான் பூஞ்சையைக் கும்பிட்டேன்.

இன்னும் ஒரே ஒரு பருவம் கொடுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் வியாபாரம் பெருகட்டும். என் பாத்திவரை மட்டும் வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
அறிவியலை நம்பும்
ராஜகுரு

பி.கு.: கவரை ஒட்டுமுன் அக்கா வாங்கிப் படித்துவிட்டாள். "உன் எருவா? பூசணம் பூத்துக் கெடக்குன்னு ஒருத்தரும் அதுகிட்டயே போகலையே. சட்டிக்குப் போட்டது நம்ம ஆட்டுப்புழுக்கை. உன் நாத்து தண்ணியில முங்கிச் செத்துச்சுடா. அந்தப் பூஞ்சை என்ன செய்யும், நீச்சலா அடிக்கும்?"

பேசியபடி கடையில் உட்கார, திங்கட்கிழமை விடிகாலை பஸ்ஸில் வருகிறேன். கடை வாசல் துளசிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை மட்டும் என்னிடம் தர வேண்டாம்.