புத்தகத்தைச் சுற்றி ஆறு பேர்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீங்கள் எத்தனையோ வாத்தியார்மாரைப் பார்த்திருக்கலாம். ஆனால் புத்தகத்தைச் சோறு போலப் பந்தி வைத்தவர் சகன் மாஸ்டர் ஒருவர்தான். சகன் என்றால், கந்தூரி விருந்திலும் கல்யாணத்திலும் ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. மனிதரின் சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை.

ஐம்பதுகளில் சாய்ந்தமருதில் எங்கள் பள்ளிக்கூடத்து வாசிப்பு மிகச் சிறப்பாக நடந்தது. அதாவது, ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. ஒருவன் முன்னே சொல்ல, மற்றவர்கள் பின்னே பாடுவோம். எட்டாம் வகுப்புக் கரீம், கப்பல் படத்தைப் பார்த்துக்கொண்டே பசுவைப் பற்றிக் கணீரென்று வாசிப்பான். முந்திய வாத்தியார் அவனைக் கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சகன் மாஸ்டர் வந்தவுடனே வகுப்புகளைக் கலைத்துப்போட்டார். பாய்க்கு ஒரு புத்தகம், புத்தகத்துக்கு ஆறு பேர், பாலர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கலந்து. மீசை அரும்பிய கரீமுக்குப் பக்கத்தில் பாலர் வகுப்பு ஜெமீலா, அடுத்து நான். சாப்பாட்டுக்கு முன் சொல்வது போலப் பிஸ்மி சொல்லித் தொடங்க வேண்டும். இறைச்சித் துண்டைச் சின்னவர் பக்கம் தள்ளிவிடுவது போல லேசான சொற்களைச் சின்னவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். கடைசி ஆள் முடிக்கும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது.

ஜெமீலா ஒரு சொல்லை வாசித்து முடிப்பதற்குள் எங்களுக்குப் பசித்துவிடும். ஒருநாள் கரைவலைக்காரரான கரீமின் வாப்பா வாசலில் வந்து நின்று சத்தம்போட்டார்.

"மாஸ்டர், மீன் கரைக்கு வந்திரிக்கி! வலை இழுக்க ஆளில்ல. மகன உடுங்க!"

"கொஞ்சம் பொறுங்க காக்கா. ஜெமீலாக்கு இன்னும் ஒரு வரி இரிக்கி."

"அந்தப் புள்ளட வரிக்கு மீன் காத்திரிக்குமா?"

"நீங்களும் வந்து இரிங்களன்."

அவரும் இருந்தார். அன்றைக்கு மீன் போய்விட்டது. கரீமின் வாப்பா ஆனா, ஆவன்னாவோடு வீடு போனார்.

பந்தியில் அடுத்தவர் இடத்தைப் பிடிப்பது மரியாதையில்லை என்பதால், இருந்த இடத்திலேயே வருஷம் முழுக்க இருந்தோம். கோளாறு அங்கேதான். புத்தகத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்த கரீமும் ஜெமீலாவும் நானும் தலைகீழாகவே வாசிக்கப் பழகிவிட்டோம். சொல்லுக்குச் சொல் சரியாக வாசிப்போம். புத்தகத்தை நேராகத் தந்தால்தான் ஒன்றும் பிடிபடாது. மாஸ்டரிடம் முறையிட்டேன்.

"சகன்ல சோத்துக்கு மேல்பக்கம் கீழ்பக்கம் இரிக்கா மனே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பிறகு, பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கும் வித்தியாதரிசி வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கரீமிடம் புத்தகத்தை நீட்டினார். அவன் பணிவாக வாங்கி, தலைகீழாகத் திருப்பிப் பிடித்து வாசித்தான்.

"என்ன, பகிடி விடுறியோ?"

"இல்ல சேர். இப்பிடித்தான் தெரியும்."

நானும் திருப்பினேன். ஜெமீலாவும் திருப்பினாள். வித்தியாதரிசி முகம் சிவந்து மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் பாடமாக்கி வச்சிருக்கினம். உம்மைப் பாணமைக் காட்டுக்கு மாத்தினால்தான் சரிவரும். அங்கை யானைக்குப் படிப்பியும்."

மாஸ்டர் போனால் நாங்கள் மறுபடியும் கப்பலைப் பார்த்துப் பசுவைப் பாட வேண்டியதுதான்.

வித்தியாதரிசி மேசையில் அமர்ந்து, வருகிற அதிகாரிகள் அபிப்பிராயம் எழுதும் புத்தகத்தில் எழுதத் தொடங்கினார். மேசைக்கு எதிரே நாங்கள் நின்றோம்; அவர் எழுதுவது எங்களுக்குத் தலைகீழாக, வசதியாகத் தெரிந்தது. கரீமின் வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்த ஆசிரியருக்கு வாசிப்புக் கற்பிக்கத் தெரியாது."

பேனா நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். குனிந்து இன்னொரு சொல் எழுதினார்.

"இவரை," என்றான் கரீம்.

அடுத்த சொல்லை நான் வாசித்தேன். "உடனடியாக."

இன்னும் மை காயாத வரியை யார் பாடமாக்க முடியும்? வித்தியாதரிசி எழுதியதையெல்லாம் வெட்டிவிட்டுப் புதிதாக ஒரு வரி எழுதினார்.

"இவரை இங்கிருந்து மாற்ற வேண்டாம்!" கரீம் கத்தியே விட்டான்.

தப்பினோம் என்ற நினைப்பே மாஸ்டருக்கு இல்லை.

"ஏன்டா வாசிப்புல முந்தி ஓடுறா? மத்த ஆக்கள் இன்னும் முடிக்கல்ல. ஜெமீலா, நீ வாசி."

ஜெமீலா எழுத்தெழுத்தாக வாசித்தாள். வித்தியாதரிசி பேனாவை மூடிவைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் முடித்ததும், மாஸ்டர் கேட்காமலே, எல்லோரும் சேர்ந்து அதே வரியை இன்னொருமுறை வாசித்தோம். மாஸ்டர் எங்களை விட்டுப் போகமாட்டார் என்பதைக் காதால் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது.