மனைவி சம்மதித்த வேட்பாளர்

சட்டமன்றத் தேர்தலில் நிற்பது என்று நான் முடிவு செய்துவிட்டேன். சுயேச்சையாக. சின்னத்தைக்கூட மனதுக்குள் பொறுக்கியாகிவிட்டது. மூக்குக்கண்ணாடி. நான் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊரில் பாதிப் பேர் என் கண்ணாடி வழியாகத்தான் உலகத்தையே பார்க்கிறார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாமலா போய்விடும்?

இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் என் பேச்சு எடுபடுவதில்லை. மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது என்பதில்கூட எனக்கு ஓட்டுரிமை கிடையாது. சட்டமன்றத்தில் நான் எழுந்து நின்றால் மற்றவர்கள் உட்கார்ந்துதானே கேட்க வேண்டும்? மேசையைக்கூடத் தட்டுவார்களாம். ஒரே ஒரு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு உயிரே துடித்தது.

மனைவியிடம் சொல்வதற்கு முன் கதவுப் பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டேன். ஓட வசதியாக.

"நான் எலெக்‌ஷன்ல நிக்கலாம்னு இருக்கேன்."

"நில்லுங்களேன்."

"என்னது?"

"நில்லுங்கன்னு சொன்னேன். நல்ல சட்டையா ரெண்டு இஸ்திரி போட்டு வைக்கிறேன். போட்டோ எடுக்கணும்ல?"

கதவை விட்டு இரண்டடி உள்ளே வந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் இவள் உடனே சரி என்று சொன்னதில்லை. மீசை வைக்கட்டுமா என்று கேட்டதற்கே ஒரு வாரம் யோசித்து வேண்டாம் என்றவள். இதில் ஏதோ இருக்கிறது.

எங்கள் தொகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரிய தொகுதிகளை எல்லாம் வெட்டித் தைத்தபோது மிச்சமான துண்டுகளை ஒட்டுப் போட்டுச் செய்த தொகுதி இது. ரொம்பச் சின்னது. இங்கே இரண்டு பேருக்குள்தான் போட்டி. ஒருவர், மருந்துக்கடைக்காரர். கட்சி வேட்பாளர். டீக்கடை, முடிதிருத்தும் கடை, மார்க்கெட் என்று ஆண்கள் கூடுகிற இடமெல்லாம் அவர் கோட்டை. ஜெயித்தால் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற தையல் பயிற்சிக் கூடத்தை இடித்துவிட்டு, ஆண்களுக்குக் கேரம் மன்றம் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். இன்னொருவர், அந்தக் கூடத்தை நடத்துகிற தையல்காரம்மா. தெருப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் தைத்துப் பிழைக்கிறார்கள். என் மனைவியும் மதியத்தில் அங்கே போய்த் தைப்பாள்.

மூன்றாவது ஆள் நான். இரண்டு பேர் முட்டிக்கொள்ளும்போது நடுவில் புகுந்து ஜெயிப்பது என் திட்டம்.

வேட்புமனு கொடுத்த மறுநாளிலிருந்து வீட்டில் கூட்டம். எல்லாம் பெண்கள். சமையலறையில் குசுகுசுவென்று பேச்சு. நான் தலையை நீட்டினால் போதும், கத்தியால் நறுக்கினாற்போல நின்றுவிடும்.

"என்ன பேசிட்டிருந்தீங்க?"

"ப்ளவுஸ் பத்தி."

"இத்தனை பேரும் ஒரே ப்ளவுஸ் பத்தியா?"

"கை இறுக்கமா இருக்குங்க. அதான்."

நம்புகிறவனா நான்? சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் மேலே ஒரு சின்ன ஜன்னல் உண்டு. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். தாழ்ப்பாள் போட்டேன். வாளியைக் கவிழ்த்து மேலே ஏறிக் காதை வைத்தேன். முதலில் கேட்டது தையல்காரம்மாவின் குரல்.

"பிரிச்சாத்தான் அக்கா சரியா வரும்."

சரி, ப்ளவுஸ்தான் போல என்று இறங்கப் போனேன். அப்போது என் தர்மபத்தினி சொன்னாள்.

"அவரை நிக்க வெச்சாச்சுல்ல? இனிமே தானா பிரிஞ்சிடும்."

வாளி ஆடியது. நானும் ஆடினேன்.

"பாவம் அக்கா அவரு."

"பாவம்தான். நல்ல மனுஷன்தான். ஆனா பிரிச்சாத்தானே நமக்கு விடிவு?"

"பிரிச்சதுக்கப்புறம் அவர் என்ன பண்ணுவாரு?"

"என்ன பண்ணுவாரு, வழக்கம் போல கடைக்குப் போவாரு."

அடிப்பாவி! பிரிகிறாளாம்! என்னைத் தேர்தலில் மாட்டிவிட்டு, நான் ஊர் ஊராகக் கும்பிடு போட்டுக்கொண்டிருக்கும்போது பெட்டியைக் கட்டப் போகிறாளாம்! அதற்கு ஒரு கூட்டமே ஆலோசனை சொல்கிறது! வாளி வழுக்கியது. விழுந்தேன்.

"என்னங்க? உள்ள என்ன சத்தம்?"

"குளிக்கிறேன்!"

"தண்ணியே வரலையே?"

அன்று மாலையே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். ஆனால் எப்படிக் கேட்பது? ஒட்டுக்கேட்டேன் என்று ஒப்புக்கொண்டால் பிரிவதற்கு இன்னொரு காரணத்தை நானே எடுத்துக் கொடுத்தது போல ஆகிவிடும். அதனால் சுற்றி வளைத்தேன்.

"நான் வாபஸ் வாங்கிக்கலாம்னு பாக்கறேன். நாளைக்குத்தான் கடைசி நாளாம்."

அவள் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் குனிந்து கரண்டியை எடுத்து நிமிர்வதற்குள் பழைய முகம் வந்துவிட்டது.

"ரொம்ப நல்லதுங்க. வாங்கிடுங்க."

"ஏன்?"

"மருந்துக்கடைக்காரரும் அதத்தான் சொன்னாரு."

"அவர் என்ன சொன்னார்?"

"தலைவலி மாத்திரை வாங்கப் போனேன். 'உங்க வீட்டுக்காரரெல்லாம் ஒரு ஆளாம்மா? நானே கூப்பிட்டு ரெண்டு வார்த்தை சொன்னா வாபஸ் வாங்கிட்டு ஓடிடுவாரு'ன்னாரு. பக்கத்துல நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அதோடு இன்னொன்றும் புரிந்தது. ஓஹோ! நேற்று வரை நில்லுங்கள் என்றவள் இன்று வாபஸ் வாங்கச் சொல்கிறாள். மாத்திரை வாங்கப் போன இடத்தில் மாறியிருக்கிறாள். மருந்துக்கடைக்காரர் ஆளை மயக்கி வைத்திருக்கிறார். இவள் அவர் கட்சி!

"வாங்க மாட்டேன்! செத்தாலும் வாபஸ் வாங்க மாட்டேன்! உன் மருந்துக்கடைக்காரர்கிட்டப் போய்ச் சொல்லு!"

"உங்க இஷ்டம்," என்றாள். பெருமூச்சு விட்டாள். அது வருத்தப் பெருமூச்சு என்று அப்போது நினைத்தேன்.

"ஒரு விஷயம் சொல்லு. உன் ஓட்டு அவருக்கா?"

"சீ! அந்த ஆளுக்கா? சத்தியமாப் போட மாட்டேன்."

"அப்ப யாருக்கு?"

"இதென்ன கேள்வி? நம்ம ஆளுக்குத்தான்."

நம்ம ஆளு. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிரியப் போகிறவள் நம்ம ஆளு என்பாளா? குளியலறையில் கேட்டதெல்லாம் ப்ளவுஸாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் சந்தேகம் முழுதாக விடவில்லை. அலமாரியில் பெட்டி இருக்கிறதா என்று தினமும் காலையில் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கினேன்.

பிரச்சாரம் தொடங்கியது. எங்கே போக வேண்டும் என்று அவளே சொல்லி அனுப்பினாள்.

"டீக்கடைக்குப் போங்க. முடிவெட்டற கடைக்குப் போங்க. மார்க்கெட்டுக்குக் கண்டிப்பாப் போங்க."

"பொம்பளைங்க ஓட்டு வேண்டாமா? தையல் கூடத்துப் பக்கம் ஒரு நடை போயிட்டு வரேனே?"

"அங்கல்லாம் வேண்டாம். கூச்சப்படுவாங்க."

"யாரு?"

"நீங்கதான்."

டீக்கடையில் நான் பேசிய பேச்சு இருக்கிறதே, நானே அசந்துபோனேன். "கேரம் மன்றம் கட்டினா மட்டும் போதுமா? காய் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? கண்ணாடிக்குப் போடுங்க!" என்று முழங்கினேன். கைதட்டினார்கள். மருந்துக்கடைக்காரரின் ஆட்கள் ஒவ்வொருவராக என் பெஞ்சுக்கு நகர்ந்தார்கள். கண் பரிசோதனை இலவசம் என்று நான் அறிவித்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். மருந்துக்கடைக்காரர் எதிர்ப் பக்கத்திலிருந்து என்னை முறைத்தார். முறைக்கட்டும். முறைக்கிற கண்ணுக்கும் நான்தான் பவர் பார்க்க வேண்டும்.

தேர்தல் முடிந்து ஓட்டு எண்ணிய நாள். எண்ணுகிற இடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், இஸ்திரி போட்ட சட்டையில். பாதி எண்ணும்வரை மருந்துக்கடைக்காரரும் தையல்காரம்மாவும் மாறி மாறி முந்தினார்கள். எனக்கும் விழுந்துகொண்டே இருந்தது. மூன்றாவதாக. முக்கால்வாசி முடிந்தபோதும் மூன்றாவதாக. எல்லாம் எண்ணி முடித்தபோதும் மூன்றாவதாகத்தான்.

தையல்காரம்மா ஜெயித்துவிட்டார். மயிரிழையில். அவர் ஜெயித்த வித்தியாசம் எனக்கு விழுந்ததில் பாதிகூட இல்லை.

போனால் போகட்டும், மூன்றாவது இடம் என்றால் வெண்கலம் மாதிரிதானே என்று எழுந்தேன். மருந்துக்கடைக்காரர் என் சட்டையைப் பிடித்தார்.

"ஏன் சார்? நான் உங்களுக்கு என்ன சார் துரோகம் பண்ணேன்?"

"எனக்கு என்ன தெரியும்? ஜனங்க போட்ட ஓட்டு."

"யாரு போட்டது? டீக்கடைல இருந்தவங்க அத்தனை பேரும் என் ஆளுங்க சார்! அத்தனையும் எனக்கு விழ வேண்டிய ஓட்டு! பிரிச்சுட்டீங்களே சார்! நடுவுல நின்னு பிரிச்சுட்டீங்களே!"

பிரிச்சுட்டீங்களே.

காதுக்குள் வாளி உருண்டது. அவரை நிக்க வெச்சாச்சுல்ல, இனிமே தானா பிரிஞ்சிடும். அடக் கடவுளே! குடும்பம் இல்லை, ப்ளவுஸ் இல்லை, ஓட்டு! என்னை நிறுத்தி மருந்துக்கடைக்காரரின் ஓட்டைப் பிரித்திருக்கிறாள்! வாபஸ் வாங்கப் போனவனை வாபஸ் வாங்கச் சொல்லியே நிறுத்தியிருக்கிறாள்! நான் கேட்டதற்கு, என்னைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்று மருந்துக்கடைக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவள் தலைவலி மாத்திரை வாங்க வரவே இல்லையாம்.

வீட்டுக்கு வந்தேன். வாசலில் பெண்கள் கூட்டம். மேளச் சத்தம். தையல்காரம்மா நேராக வந்து, "எங்க வெற்றிக்குக் காரணமே நீங்கதான் அண்ணே!" என்று ஒரு பெரிய மாலையை எடுத்து என் கழுத்தில் போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். மாலையோடு உள்ளே போனேன். மனைவி டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் தெரிஞ்சு போச்சு," என்றேன்.

"தெரியட்டுங்க. கூடத்தை இடிக்க விட்டிருந்தா நாங்கல்லாம் எங்க போறது? உங்களாலதான் பொழைச்சுது."

கோபமாக இருந்தேன். ஆனால் 'உங்களால' என்று அவள் சொன்னதும் கொஞ்சம் இளகிவிட்டது. ஜெயிக்காவிட்டால் என்ன, பெட்டி அலமாரியில்தான் இருக்கிறது. அதுவே போதும் என்று தோன்றியது. ஒரே ஒரு விஷயம் மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும்.

"நம்ம ஆளுக்குத்தான் போடுவேன்னு சொன்னே. போட்டியா?"

"போட்டேனே. நம்ம ஆளு ஜெயிச்சுட்டாளே!"

"அப்ப எனக்கு? கட்டின புருஷனுக்கு? நீ ஒரு ஓட்டு போட்டிருக்கக் கூடாதா?"

அவள் டீயை என் கையில் கொடுத்து, மாலையைச் சரிசெய்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னாள்.

"நீங்க பிரிக்க வேண்டியது அவரோட ஓட்டைங்க. என் ஓட்டை எதுக்குப் பிரிக்கப் பாக்கறீங்க?"