சத்துத் தூள் தின்ற இறால்கள்

வெள்ளைத்துரையின் இறால்கள் தீவனத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மனைவி சந்திரவல்லிக்குச் சீதனமாக வந்த நஞ்சையை வெட்டி, ராசிங்காபுரத்தின் முதல் இறால் குட்டையாக்கியவர் அவர். இந்தத் தடவை இறால் கண்ணில் படாவிட்டால் குட்டையை மூடி வாழை வைக்கப்போவதாக மைத்துனர் அழகுமலை ஊரறியச் சொல்லியிருந்தார்.

மதுரையிலிருந்து ஜீப்பில் வந்த ஒரு நிபுணர்தான் மூலிகைச் சத்துத் தூளை விற்றுப் போயிருந்தார். புண்ணாக்கோடு கலந்து போட்டால், ஒரு இறால் தின்பது நாலு முட்டை தின்பதற்குச் சமமாம்.

வாசனை போதவில்லை, அதனால்தான் இறால் தின்னவில்லை என்று வெள்ளைத்துரை முடிவுகட்டினார். ஏலக்காயை முகர்ந்தே விலை சொல்லும் போடிப் பக்கத்துக்காரருக்கு வேறென்ன தோன்றும்? தூளை இரட்டிப்பாக்கி, ஏலக்காய்த் தூசியும் ஒரு படி சேர்த்துக் கொட்டினார். மறுநாள் குட்டை பாயசம் போல மணந்தது. இறால்கள் செத்து மிதந்தன. யாரும் பார்க்குமுன் அள்ளித் தென்னை மரத்தடியில் புதைத்தார்.

"ஒன்னையுங் காணமே?" என்றாள் சந்திரவல்லி.

"சத்து ஏறுதுல்ல, அடியில படுத்துக் கெடக்கும்."

அந்தச் சமாளிப்புக்கு ஆயுசு கம்மி. வெள்ளிக்கிழமை நிபுணரே சத்துச் சோதனைக்கு வருவதாகத் தகவல் வந்தது. சந்திரவல்லி பெருமையாக அண்ணனையும் ஊரையும் அழைத்துவிட்டாள்.

நிபுணரின் சட்டையைப் பிடிப்பதென்று வெள்ளைத்துரை மதுரைக்கு ரயிலேறினார். அவருடைய தூள் கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடையில் கடல் இறால் குவிந்து கிடந்தது. கோபம் போய் யோசனை வந்தது. ஐஸ் போட்டு வாங்கிவந்து, மூலிகை மணம் வரத் துளசித் தண்ணீரில் ஊறவைத்து, வெள்ளிக்கிழமை விடியலிலேயே வலை போட்டுப் பிடித்துவிட்டதாகச் சொல்லி நிபுணர் முன் கூடையை வைத்தார்.

நிபுணர் ஏலக்காய் வியாபாரி மாதிரி கைநிறைய அள்ளி, முகர்ந்து, தலையாட்டினார். சந்திரவல்லி வறுத்துக் கொண்டுவந்தாள். ஒன்றை வாயில் போட்டவள் முகம் சுளித்தாள்.

"நான் உப்பே போடல. எப்படி இப்படிக் கரிக்குது?"

நிபுணர் நிதானமாக மென்றார்.

"அதுதாம்மா தாது உப்பு. மூலிகையோட வேலை."

அவ்வளவுதான், ஊர் தூளுக்கு முண்டியடித்தது. அழகுமலை கண்கலங்கி வெள்ளைத்துரையின் கையைப் பிடித்தார்.

"மாப்ளே, தப்பா நெனச்சுட்டேன். நாளைக்கே என் வயலையும் வெட்டுறேன். நீங்கதான் கூட நின்னு பாக்கணும்."

உண்மையைச் சொன்னால் குட்டை போகும், சொல்லாவிட்டால் மைத்துனரின் வயல் போகும். நிபுணரையாவது தனியே கேட்போம் என்று வெள்ளைத்துரை ஜீப்புக்கு ஓடினார். நிபுணர் இன்னும் தூள் விற்றுக்கொண்டிருந்தார். ஜீப்பில் டிரைவர் சுருளிவேல் மட்டும் இருந்தார். அவரைப் பார்த்ததும் தலையை வெளியே நீட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, அடுத்த வாட்டி ஐஸ் கூடுதலாக் கேட்டு வாங்குங்க. நீங்க இறால் வாங்குனது எங்க ஐயாவோட மச்சினன் கடைதான். இந்தத் தூள் வாங்குனவுக எல்லாரும் அங்கதான் இறால் வாங்குறாக."