உபால்தோ விழும் ஓடு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று எங்கள் ஊர் மாதாவின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். இந்த வயதில் பொய் சொல்லி நான் சம்பாதிக்க ஒன்றுமில்லை. அதையெல்லாம் அறுபதுக்கு முன்பே சம்பாதித்து முடித்துவிட்டேன்.

இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல், இடது காலில் மாவுக்கட்டு. அந்தக் கோலத்தில் ஓடு வரையும் நெல்லோவின் பட்டறைக்கு வந்த உபால்தோ, மேசைமேல் கிடந்த பீங்கான் ஓட்டைக் குனிந்து பார்த்தார். ஓட்டில் அவர் தலைகீழாக விழுந்துகொண்டிருந்தார்.

"இது என்ன மரம்?"

"செர்ரி," என்றார் நெல்லோ, தூரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் விழுந்தது ஆலிவ் மரத்துல இருந்துடா. என் தோட்டத்து ஆலிவ் மரம்."

"சரி. இது செர்ரி."

எங்கள் ஊரான தெரூத்தாவில் செத்துப் பிழைத்தவர்களுக்காக மாதா கோயிலில் ஓர் ஓடு வைப்பார்கள். எப்படிச் சாகப் பார்த்தார்கள் என்பதை அதில் வரைய வேண்டும். வண்டி கவிழ்ந்தவர், கிணற்றில் விழுந்தவர், காளை முட்டியவர் என்று முந்நூறு வருடத்து ஆட்கள் இன்னமும் அந்தச் சுவரில் விழுந்துகொண்டும் முட்டுப்பட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். சூளையில் வெந்த நிறம் மங்குவதே இல்லை. அதுதான் உபால்தோவுக்குப் பிரச்சினை.

ஏனென்றால் அவர் விழுந்தது செர்ரி மரத்திலிருந்துதான். அதுவும் அடுத்த வீட்டு செத்திமியோவின் செர்ரி மரம். உபால்தோ ஓய்வுபெற்ற போக்குவரத்துக் காவலர். நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததற்காக இதே செத்திமியோவுக்கு அபராதம் போட்டவர். தன் சொந்த மைத்துனனின் கல்யாணக் காருக்கே சீட்டு எழுதியவர். அப்படிப்பட்டவர், ஜூன் மாதத்தில் செத்திமியோ மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் பார்த்து, வேலி தாண்டி மரம் ஏறினார். கிளை முறிந்தது. முறிந்த காலோடு வேலிக்கு அடியில் ஊர்ந்து, தன் வீட்டு ஆலிவ் மரத்தடிக்கு வந்து மல்லாந்து படுத்த பிறகுதான் "ஐயோ" என்று கத்தினார். மனைவி ஃபோஸ்கா உடனே ஓடி வந்தாள், கையில் ஆஸ்பத்திரிப் பையோடு. பையில் இஸ்திரி போட்ட பைஜாமா, செருப்பு, பல் துலக்கும் பிரஷ். அப்படி ஒரு சுறுசுறுப்பான பெண்மணி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே சொல்லிவிட்டாள்: "உனக்காக மாதாவுக்கு ஓடு நேர்ந்திருக்கேன். நெல்லோகிட்ட கொடுத்தாச்சு. போய்ப் பார்த்துட்டு வா."

பார்த்தால் இது.

"இவ்வளவு சீக்கிரமா வரைஞ்சுட்டியா?" என்றார் உபால்தோ.

"எங்க சீக்கிரம்? எப்பவோ முடிஞ்சது. கால் மட்டும்தான் பாக்கி. எந்தக் கால்னு தெரியாம விட்டு வெச்சிருந்தேன். இடதா? நல்லது." ஒரே இழுப்பில் கட்டுப் போட்டுவிட்டார்.

"செர்ரின்னு எவன்டா உனக்குச் சொன்னான்?"

"என்கிட்ட சொல்றது பாதிரியார்கிட்ட சொல்ற மாதிரி. வெளியில போகாது."

"அழிச்சுடு."

நெல்லோ அன்று முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "ஆபீசர் தொரை, இந்த ஊர்லயே பொறந்துட்டு இப்படிக் கேக்கலாமா? இது வேகாத ஓடு. மேல இருக்கிற வெள்ளைப் பூச்சு மாவு மாதிரி. வெச்ச நிறத்தை அப்படியே குடிச்சுடும். துடைச்சா மரமும் போகும், நீயும் போவ, மேகத்துல இருக்கிற மாதாவும் போயிடுவா. அவளைத் துடைக்க நான் தயாரா இல்லை. மேல எதையாவது போட்டு மறைக்கலாம், அவ்வளவுதான்."

"அப்ப மறை!"

பழங்களின் மேல் நெல்லோ கரும்பச்சை இலைகளை வைத்தார். ஒரு பழத்தை மறைக்க மூன்று இலை பிடித்தது. மரம் பெருத்து ஓக் மரமாகிவிட்டது.

உபால்தோ நிம்மதியாக மூச்சுவிட்டார். பாதி மூச்சு வெளியே வந்ததும் மீதி நின்றது. "டேய், பின்னாடி ரோஸ் நிற வீடு. பச்சை ஜன்னல். அது செத்திமியோ வீடாச்சே! அவன் வீட்டு ஓக் மரத்துல எனக்கு என்ன வேலை?"

"அவன் வீட்டுல ஓக் மரமே இல்லையே."

"அதுதான்டா நானும் கேக்கிறேன்!"

வீட்டின் மேல் நெல்லோ கறுப்புப் புகை போட்டார். வீடு மறைந்தது. ஆனால் நெல்லோவுக்கு மனசாட்சி உண்டு. தீ இல்லாமல் அவரால் புகை போட முடியாது. உபால்தோ தடுப்பதற்குள் ஜன்னல் இருந்த இடத்தில் நாலு நாக்குத் தீ எழுந்தது.

"இப்ப நான் வீட்டுக்குத் தீ வெச்சுட்டு ஓடற மாதிரி இருக்குடா! கையில பை வேற!"

அது செர்ரிப் பை. நெல்லோ கொஞ்சம் யோசித்தார். பிறகு பைக்கு இரண்டு காதும் ஒரு வாலும் வைத்தார்.

"செத்திமியோவோட நாய்," என்றார். "எரியற வீட்டுல இருந்து நாயைக் காப்பாத்திட்டுக் குதிக்கிற. உன் சாமர்த்தியத்துக்கு இதுக்கு மேல கௌரவம் கிடைக்காது."

உபால்தோவுக்கு அழுகை வந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டார். மூலையில் உட்கார்ந்து ஓடுகளுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்த இனேஸை இருவருமே கவனிக்கவில்லை. ஐம்பது வயதுப் பெண்மணி. வாயைத் திறக்காமல் ஒரு பகல் முழுக்க இருப்பாள், அதையெல்லாம் சேர்த்து வைத்துச் சாயங்காலம் காபிக் கடையில் செலவழிப்பாள்.

மறுநாள் காலை உபால்தோ காபிக் கடைக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

"நாய்க்காகத் தீயில குதிச்சியாமே!" என்றார் கடைக்காரர். "வெளியில சொல்லாம ஆலிவ் மரம், கீலிவ் மரம்னு மழுப்பினியே, பெரிய மனுஷன்யா நீ!"

"சின்னத் தீதான்," என்றார் உபால்தோ. வேறென்ன சொல்வார்?

சாயங்காலம் செத்திமியோ வந்து கதவைத் தட்டினார். பின்னால் அவருடைய நாய், வேட்டைக்கு உதவாத கிழட்டு பிரில்லோ.

"என் வீடு எப்பய்யா எரிஞ்சது?"

"நீ மகள் வீட்டுக்குப் போயிருந்தப்ப. நானே அணைச்சுட்டேன். துடைச்சும் வெச்சுட்டேன். உனக்கு எதுக்கு வீண் கவலைன்னுதான் சொல்லலை."

செத்திமியோ மூக்கை உறிஞ்சினார். "அன்னிக்கு வந்தப்ப ஏதோ கருகின வாசனை அடிச்சுது. கிளை ஒண்ணு முறிஞ்சு கிடந்துச்சு. எந்தத் திருட்டு நாய் ஏறுச்சோன்னு உன்னைத்தான் திட்டினேன். மன்னிச்சுடு." உபால்தோவை ஊன்றுகோலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். பிரில்லோ அவரைப் பார்த்துக் குரைத்தது. அதற்கு மட்டும் உண்மை தெரியும்.

போகும்போது செத்திமியோ ஒரு பெரிய ஜாடியை மேசைமேல் வைத்தார். சாராயத்தில் ஊறிய செர்ரி.

"செர்ரியா?" என்றாள் ஃபோஸ்கா, கரண்டியோடு வந்து. "உனக்குத்தான் செர்ரி ஆகாதே, உபால்தோ? கல்யாணம் ஆன நாள்ல இருந்து சொல்றியே."

"ஆகாதுதான்."

"அப்ப நானே சாப்பிடறேன்." அவர் எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சாப்பிட்டாள். கொட்டைகளைத் தட்டின் விளிம்பில் அழகாக வட்டமாக அடுக்கினாள்.

அந்தக் கோடை முழுக்க உபால்தோ தீயணைத்த கதையைச் சொன்னார். யாராவது ஒருவர் தினமும் கேட்டார். எந்தப் பக்கம் பற்றியது, தண்ணீர் எங்கே எடுத்தாய், நாய் கடித்ததா என்று குடைந்தார்கள். ஒருவனிடம் வாளி என்றும் இன்னொருவனிடம் ரப்பர் குழாய் என்றும் சொல்லி மாட்டிக்கொண்டு, கடைசியில் இரண்டும்தான் என்று சமாளித்தார். நகராட்சியில் அவருக்கு ஒரு பதக்கம் கொடுக்கலாமா என்று பேசினார்கள். நாய்க்கும் ஒன்று கொடுக்க வேண்டும் என்று எதிர்க்கட்சி கேட்டதால் அது நின்றுபோயிற்று.

செப்டம்பரில் மாதா பிறந்த திருநாள். முந்தின நாள் நெல்லோ சூளையைத் திறந்தார். உபால்தோ உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு ஊன்றுகோலைக் கீழே போட்டார்.

வேகாத நிறத்தை நம்பக்கூடாது என்பது எங்கள் ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். கரும்பச்சை இலைகள் நெருப்பில் கண்ணாடியாக உருகி, அடியிலிருந்த செர்ரிகள் ஒவ்வொன்றும் விளக்கேற்றியது போல மேலே வந்திருந்தன. புகை மெல்லிய ஊதாத் திரையாகிவிட்டது. அதற்குப் பின்னால் ரோஸ் வீடு, பச்சை ஜன்னல். நாய் மட்டும் நாயாகவும் இல்லை, பையாகவும் இல்லை. காது வைத்த பையாக இருந்தது. அதற்குள்ளும் செர்ரிகள் தெரிந்தன.

"வேற ஒண்ணு போடுடா!"

"நாளைக்குத் திருநாள். இன்னொரு சூளை வைக்க ரெண்டு நாளாவது வேணும். மாதாவைக் காத்திருக்கச் சொல்றியா?"

மறுநாள் பூசை முடிந்ததும், ஊர் முழுக்கப் பார்க்க, கோயில் சுவரில் அந்த ஓட்டைப் பதித்தார்கள். உபால்தோவின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. செத்திமியோ மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஓட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார்.

"பாருங்கய்யா," என்றார் செத்திமியோ, கூட்டத்தின் பக்கம் திரும்பி. "அவ்வளவு தீயிலயும் என் செர்ரி என்ன சிவப்பு! கீழ விழுறப்பவும் மனுஷன் நாயோட சேர்த்துப் பழத்தையும் காப்பாத்தியிருக்கான்!"

கூட்டம் கை தட்டியது. உபால்தோ மாதாவைப் பார்த்துக் கண்ணை மூடி நன்றி சொன்னார். ஃபோஸ்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் இனேஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவளுடைய தோளைத் தொட்டாள்.

"ஃபோஸ்கா அக்கா, இந்த வருஷம் மாதிரி கார்னிவல் அன்னிக்கு வந்து ஓடு வேணும்னு அவசரப்படுத்தாதீங்க. அடுத்த வருஷத்து ஓட்டுக்கு இப்பவே வெள்ளை பூசி வெச்சுட்டேன். இந்தத் தடவை எதுல இருந்து விழுறார்னு மட்டும் நெல்லோகிட்ட சொல்லிடுங்க."

உபால்தோ செர்ரி மரத்திலிருந்து விழுந்தது ஜூன் மாதத்தில். தவக்காலத்துக்கு முந்தின கொண்டாட்டமான கார்னிவல் எங்கள் ஊரில் பிப்ரவரியில் வரும்.