சம்பந்தி அனுப்பி வைத்த மச்சினன்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாவும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். நாய் எங்கள் வீட்டில் அல்லவா இருக்கிறது? இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். கட்டுப் போட்ட ஆள்காட்டி விரல் அந்தப் பொய்யை எழுத மறுக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருளவும்.

பிள்ளைகள் வெளியூர் போனபின் வீடு வெறிச்சென்று இருப்பதாக என் மனைவி தங்களிடம் வாய்தவறிச் சொன்னாள். சொன்ன வாய் மூடுவதற்குள் தாங்கள் நாய்க் காப்பகத்திலிருந்து ஒரு கூடையோடு வந்து, "வயசான நாய் சம்பந்தி, முழங்கால் உயரம்கூட இல்ல. ஒரு மூலையில படுத்துக் கிடக்கும், இருக்கறதே தெரியாது" என்று இறக்கி வைத்துவிட்டு, கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பினீர்கள். ரயிலில் டிக்கெட் பரிசோதகராகக் காலம் தள்ளியவன் நான். டிக்கெட் இல்லாதவனை நடையை வைத்தே பிடித்துவிடுவேன். தங்கள் அவசர நடையை எப்படிக் கோட்டை விட்டேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

தாங்கள் தெருமுனை திரும்புவதற்குள் அவன் என் சாய்வு நாற்காலியில் ஏறிவிட்டான். பிறர் இடத்தில் உட்கார்ந்தவர்களை எழுப்புவதே என் பிழைப்பாக இருந்தது, இந்தப் பொடிப்பயலை எழுப்பத் தெரியாதா என்று பின்னால் போய் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். அவ்வளவுதான். கட்டைவிரலில் ஆரம்பித்த கடி ஆள்காட்டி விரலில் போய் நின்றது. நான் அலறிய அலறலில் என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "ஐயையோ, பயந்துட்டியா தம்பி?" என்றாள். கேட்டது அவனை. அன்றிலிருந்து அவன் பெயர் தம்பி. அந்த முறைப்படி அவன் எனக்கு மச்சினன் ஆகிறான். அக்காவுக்கு வாலாட்டுவதும் அத்தானைக் கடிப்பதும் மச்சினன்களின் பிறப்புரிமை என்பதால், ஊசி போட்டுக்கொண்டு, வாயையும் மூடிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கப் பழகினேன்.

வினை அதன்பிறகுதான் வீட்டுக்காரர் உருவத்தில் மாடியேறி வந்தது. குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பார்க்க வந்த மனிதர் குழாயைப் பார்த்தோமா போனோமா என்றில்லாமல், தூங்கிக்கொண்டிருந்தவனிடம் குனிந்து, "அடடே, குட்டி நாயி!" என்று கன்னத்தைத் தட்டினார். குட்டியாவது! அவன் வயதுக்கு அவனுக்குப் பென்ஷனே கொடுக்கலாம். மனிதர் ஒன்றரைக் கால்சட்டையோடு படியிறங்கினார். கீழிருந்தே சத்தம் வந்தது. "மாசக் கடைசிக்குள்ள நாய் போகணும், இல்ல நீங்க போகணும்!"

"ஏதோ உடம்புக்குச் சரியில்ல, அதான் கடிக்கிறான்" என்று என் மனைவி அவனை நாய் டாக்டரிடம் இழுத்துப் போனாள், அதாவது என்னைத் தூக்கிவரச் சொன்னாள். டாக்டரம்மா அவன் வாய்க்கு வலைமூடி மாட்டிக் கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார், இடுப்பை மெல்ல அழுத்தினார், மூடியைத் தளர்த்தி உதட்டைத் தூக்கிப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"சார், இவன் கோவக்காரன் இல்ல, வலிக்காரன். பல்லு பாதி அழுகிப் போச்சு, இடுப்பு மூட்டு தேஞ்சிருக்கு, ஒரு கண்ணுல புரை, காதும் சரியாக் கேக்கல. பின்னாடி வந்து திடீர்னு தூக்கினா நீங்களா இருந்தாலும் கடிப்பீங்க."

"உறுமறானேம்மா! அதட்டி வைக்கட்டுமா?"

"அதட்டவே அதட்டாதீங்க. உறுமறதுதான் அவன் குடுக்கிற எச்சரிக்கை. அதை அடக்கிட்டீங்கன்னா, அடுத்த தடவை சொல்லாமக் கொள்ளாமக் கடிப்பான். முன்னாடி போய் நில்லுங்க, கையை மோந்து பாக்க விடுங்க, அவனா வந்தா தொடுங்க."

என் கல்யாணத்தின்போது இந்த மாதிரி ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு உபயோகமாக இருந்திருக்கும்! வெளியே வந்ததும் என் மனைவி, "மூட்டுவலி, கண்புரை, காது மந்தம், தொட்டா உறுமல். ஒரே ஜாதகம்" என்றாள். யாருடைய ஜாதகத்தோடு என்று நான் கேட்கவில்லை.

மருந்து கொடுப்பது தனிக்கதை. மாத்திரையை வாழைப்பழத் துண்டுக்குள் ஒளித்துத் தட்டில் வைப்பாள். ஒருநாள் எனக்காகத்தான் நறுக்கி வைத்தாளென்று நான் எடுத்து விழுங்கிவிட்டேன். பதறி டாக்டரம்மாவுக்குப் போன் செய்தால், "அந்த அளவுக்கு உங்களுக்கு ஒண்ணும் ஆகாது சார். பாவம், அவனுக்குத்தான் ஒரு வேளை மருந்து போச்சு" என்கிறார். அன்று மாலை என் முழங்கால் வலிக்கவில்லை என்பதைத் தங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

பல் பிடுங்க மயக்க ஊசி போடவேண்டும், வயதான இதயம், தாங்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். என் மனைவி அழுதாளே என்பதற்காகத்தான் நானும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், வேறு காரணம் எதுவும் கற்பிக்க வேண்டாம். கதவு திறக்கும்போதெல்லாம் நான் எழுந்து நின்றது கால் மரத்துப் போனதால். கடைசியில் அவனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். நாக்கு ஒரு பக்கம் தொங்கியது. டாக்டரம்மா சொன்னபடி முன்னால் போய்க் கையை நீட்டினேன். மோந்தான். ரொம்ப நேரம் மோந்தான். பிறகு கட்டுப் போட்டிருந்த என் விரல்மேலேயே தாடையை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டான். அந்தத் தலைக்குக் கனமே இல்லை, சம்பந்தி.

ஆனாலும் வீட்டுக்காரர் மசியவில்லை. "பல்லு போனா என்ன சார், புத்தி போகலையே" என்கிறார். உள்ளதுதான், நேற்றுகூடப் பொக்கை வாயால் என் செருப்பைப் பதம் பார்த்தான். ஆகவே, கொண்டுவந்தவர் கையாலேயே திரும்பிப் போவதுதான் முறை என்பதால், ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வண்டியோடு வந்து அவனைக் காப்பகத்தில் சேர்ப்பிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். என் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. தாங்கள் வந்து சொல்வது உசிதம்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் மகளோடு பேசும்போது, எங்கள் ஆசிகளையும் மாமனாரின் விரல்கள் எண்ணிக்கையில் குறையவில்லை என்பதையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் காயமும் மறவாத சம்பந்தி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உறைக்குள் போடுமுன் என் மனைவி படித்துவிட்டாள். திட்டவில்லை. "அங்க இவனை மறுபடி யாருங்க எடுப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள். மறுநாளே வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லிவிட்டு, இரண்டு தெரு தள்ளித் தரைத்தளமாக ஒரு வீடு பேசிவிட்டேன். அவன் இடுப்புக்குப் படி ஆகாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தாங்கள் அவசியம் வண்டியோடு வரவேண்டும். காப்பகத்தில் விசாரித்தேன், இவனோடு ஒரே கூண்டில் ஒரு கிழவி இருந்தாளாம், இவன் இங்கே வந்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். அவளை அழைத்துவர வேண்டும். இவனைவிட அவள் நன்றாகக் கடிப்பாள் என்கிறார்கள். கூடையைத் தாங்களே பிடித்துக்கொள்ளவும்.