என் கணவருக்கு நான் வைத்த முதல் ஒப்பாரி

வீடு வீடாகப் போய், "நோயை மறைக்காதீங்க, முன்னாடியே வந்து சொல்லுங்க" என்று பேசுவதற்காக அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. அப்படிப்பட்ட நான்தான் என் நோயை எட்டு மாதம் மறைத்தேன். ஊர் கூடி மூங்கில் வெட்டும் அளவுக்கு மறைத்தேன் என்பதுதான் இதில் விசேஷம்.

காவலூர்ப் பக்கம் மலையில் கிராமச் செவிலியராக இருக்கிறேன். எனக்கு வந்தது மனச்சோர்வு. அழுதுகொண்டே இருப்பதுதான் மனச்சோர்வு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அழுகையே வரவில்லை. ஊசி போட்டதும் குழந்தை வீறிடும். அடுத்த ஊரில் யாரோ கத்துவதுபோல் அது காதில் விழும். நான் பாட்டுக்கு ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருப்பேன். தூக்கம் இல்லை, ருசி இல்லை. திருவிழாவும் ஒன்றுதான், திங்கட்கிழமையும் ஒன்றுதான். மாத்திரை சாப்பிட்டேன். கொஞ்சம் கேட்டது, மிச்சம் கேட்கவில்லை. வேலூரில் நான் பார்த்த டாக்டர், காந்தத் துடிப்பை வைத்து மூளையைத் தூண்டும் சிகிச்சை ஒன்று இருக்கிறது, சில வாரம் தினமும் வந்து போக வேண்டும் என்றார்.

எனக்கு சிகிச்சையைப் பற்றி பயமில்லை. ஊரைப் பற்றித்தான் பயம். கிறுக்குப் பிடித்த நர்ஸ் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால், எந்தத் தாய் தன் பிள்ளையை என் மடியில் கொடுப்பாள்? இந்த மலையில் ஒருத்தியை முதல் ஊசிக்குச் சம்மதிக்க வைக்க நான் ஏறி இறங்கிய மேடு பள்ளம் எனக்குத்தான் தெரியும். அதனால் லீவு போட்டுவிட்டு, "வேலூர்ல ட்ரெய்னிங்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தேன். (அத்தனை வாரம் பயிற்சி எடுத்தால் நான் ஆபரேஷனே செய்யலாம். யாரும் கேட்கவில்லை என்பதால் எல்லோரும் நம்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.)

உண்மை தெரிந்த ஒரே ஆள் என் கணவர் முருகேசன். ஆலங்காயத்தில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். முதல் நாள் அந்த மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தவர், டெக்னீஷியன் பெண்ணிடம் விவரம் கேட்டுவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் வந்தார்.

"மஞ்சு, இதுல இன்னா கீது? உள்ள செம்புக் கம்பி சுத்தின காயில்தான். நா கட்டாத காயிலா? பயப்படாம ஒக்காரு."

எரிந்துபோன மோட்டாரோடு என்னைச் சேர்க்கிறார் என்று எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டுமே.

மயக்கம் கிடையாது, வலி என்று சொல்லும்படியும் ஒன்றும் கிடையாது. நாற்காலியில் சாய்ந்து உட்கார வேண்டும். முதல் நாள் தலையில் எந்த இடத்தில் தட்டினால் என் கட்டைவிரல் துள்ளுகிறது என்று பார்த்து அளவு எடுத்தார்கள். பிறகு தினமும் தலையில் ஒரு துணித் தொப்பியை மாட்டி, அந்த காயிலைத் தலையோடு வைப்பார்கள். மரங்கொத்தி போலத் தட்டும், நிற்கும், மறுபடி தட்டும். ஒரு நிபந்தனை, கழுத்திலும் தலையிலும் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. கம்மல், மூக்குத்தி, ஹேர்பின், தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி ஒரு காகிதத்தில் மடித்து அவரிடம் கொடுப்பேன். அவர் சட்டைப் பையில் வைத்து, பையின் மேல் கையையும் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் உள்ளே இருக்கும்போது அவருக்கு போன் வந்திருக்கிறது. யாரோ ஒருவருடைய கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது, பயிர் காய்கிறது. "நா முன்னாடி போறேன், பஸ்ல வந்துடச் சொல்லுங்க" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். சட்டைப் பையும் அவரோடு கிளம்பிவிட்டது.

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஏனென்றால் அன்று நாற்காலியில் இருந்தபோதே எனக்கு அழுகை வந்துவிட்டிருந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு! எதற்கென்றே தெரியாமல் கண்ணீர் வழிந்தது, அவ்வளவு சுகமாக இருந்தது. அந்தச் சுகத்திலேயே பஸ் ஏறினேன். ஆலங்காயத்தில் இறங்கி மலை பஸ்ஸில் மாறி உட்கார்ந்தபோது என் கோலம் என்ன என்று நான் யோசிக்கவே இல்லை. நீங்கள் யோசித்துப் பாருங்கள். தலை விரிந்து கிடக்கிறது. சிகிச்சைத் தொப்பி உரசிப் பொட்டு அழிந்துவிட்டது. காதில், மூக்கில், கழுத்தில் ஒன்றும் இல்லை. கண் இரண்டும் வீங்கியிருக்கிறது.

எங்கள் பக்கத்து வீட்டு தனலட்சுமி அக்கா புளி விற்றுவிட்டு அதே பஸ்ஸில் இருந்தார். காலையில் நாங்கள் ஜோடியாக பைக்கில் வேலூர் கிளம்பியதை அவர் பார்த்திருக்கிறார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. துக்கத்தில் இருப்பவளிடம் வாய்விட்டுக் கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். ஆகா, அக்காவுக்கு என் நோய் எப்படியோ தெரிந்துவிட்டது என்று நினைத்து நான் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

அக்காவின் கணக்கு வேறு. அவசரத்துக்கு நகையை எல்லாம் அடகு வைத்துப் புருஷனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாள், அப்படியும் ஆள் பிழைக்கவில்லை. மலைப் பாதையில் சிக்னல் கிடைக்காது என்பதால் பஸ் கிளம்பும் முன்பே, ஜன்னல் பக்கம் திரும்பி எனக்குக் கேட்காமல் ஊருக்கு போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். முருகேசனைக் கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்கும் பதில் இல்லை. அவர் போனைக் கடையில் சார்ஜில் போட்டுவிட்டுக் கிணற்று மேட்டில் நின்றிருந்தார்.

டிரைவர் பாட்டை நிறுத்தினார். கண்டக்டர் என்னிடம் டிக்கெட் கேட்கவில்லை. கையைக் காட்டிக் கதறினாலும் ஸ்டாப்பிங்கைத் தாண்டி நிறுத்தாத அந்த பஸ், என் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. மனச்சோர்வுக்கு இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்துபோய் இறங்கினேன்.

வாசலில் ஊரே நின்றிருந்தது. ஒரு பக்கம் விறகு. இன்னொரு பக்கம், கீழ்வீட்டு பொன்னுசாமி அண்ணன் பச்சை மூங்கிலைச் சீவிக்கொண்டிருந்தார். பாடை கட்டத்தான் அப்படி மூங்கில் சீவுவார்கள். என்னைப் பார்த்ததும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். "உன்ன வுட்டுட்டுப் போய்ட்டாரே, நர்ஸம்மா!"

இந்த இடத்தில் விவரமுள்ள பெண் என்ன செய்வாள்? "யாரு? எப்போ? யார் சொன்னது?" என்று கேட்பாள். நான் கேட்கவில்லை. முன்னால் கிளம்பிய மனிதன், பைக், மலை வளைவு. எட்டு மாதமாக எங்கேயோ அடைபட்டுக் கிடந்தது எல்லாம் ஒரே மூச்சில் மேலே வந்தது. தரையில் விழுந்து ஒப்பாரி வைத்தேன். ஒப்பாரி என்றால் மனதில் உள்ளதை எல்லாம் சொல்லித்தான் அழ வேண்டும். நானும் ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை.

"ட்ரெய்னிங்னு சொல்லி ஊரை ஏமாத்தினேனே... அரிசிப் பானைல மாத்திரையை ஒளிச்சு வெச்சேனே... இன்னும் பதினோரு தடவ மண்டைல தட்டணுமே, இனி என்ன யாரு கூட்டிட்டுப் போவா... இப்பதானே கொஞ்சம் தேறி வர்றேன், அதுக்குள்ள போய்ட்டியே!"

(அவரை நான் ஒருமையில் அழைத்தது வாழ்நாளில் அன்று ஒருநாள்தான்.)

அப்போதுதான் அவர் பைக்கில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்து முகம் வெளிறி, கடைசியில் நின்றிருந்த பொன்னுசாமி அண்ணனிடம், "இன்னாண்ணே, யாரு போனது?" என்று கேட்டார். அண்ணன் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த மூங்கில் அவர் காலிலேயே விழுந்தது. கூட்டத்துக்குள்ளிருந்து என் குரல் கேட்டதும், யார் செத்தது என்று தெரியாமலே என் கணவரும் அழ ஆரம்பித்துவிட்டார். நல்ல மனுஷன்.

அவரைப் பார்த்ததும் நான் பாய்ந்து சட்டையைப் பிடித்தேன். பையிலிருந்த காகிதம் கிழிந்து கம்மலும் மூக்குத்தியும் கீழே சிதறின. பெண்கள் குனிந்து அவற்றைப் பொறுக்கினார்கள். பிறகு தனலட்சுமி அக்கா மெதுவாகக் கேட்டார்.

"அப்போ, மண்டைல தட்றதுன்னியே, அது இன்னாம்மா?"

"அது வந்து, ட்ரெய்னிங்ல..." என்று என் கணவர் இழுத்தார்.

"இல்லக்கா," என்றேன். மண்ணில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தூக்கம் வராதது, குழந்தைகள் அழுவது காதில் ஏறாதது, இவர்கள் என்னை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்தது. இடையிடையே இவர் காயிலைப் பற்றி விளக்கினார். (ஒருவர் தன் வீட்டு மோட்டாரைப் பற்றியும் சந்தேகம் கேட்டுக்கொண்டார்.)

அக்காவுக்குத்தான் கோபம் வந்தது. "எட்டு மாசமா? பக்கத்து வூட்ல நா எதுக்குக் கீறேன்?"

திங்கட்கிழமை டாக்டர் வழக்கம்போல, "இந்த வாரம் அழுகை ஏதாவது வந்ததா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் இவர், "ஊருக்கே கேட்டுச்சு சார்" என்றார்.

மிச்சம் பதினோரு தடவையும் முடிந்தது. காயிலால் முழுதாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாத்திரை இன்னும் உண்டு, சில நாள் மந்தமாகவும் இருக்கும். ஆனால் சோறு ருசிக்கிறது. லீவு முடிந்து முதல் தடுப்பூசி நாளில், பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒருத்தி மட்டும் தன் பிள்ளையை ஆலங்காயத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அது வலித்தது. மற்றவர்கள் எல்லோரும் வந்தார்கள். குழந்தைகள் வீறிட்டன, எனக்குக் காது அடைத்தது. எல்லோரும் போன பிறகு குழந்தையே இல்லாமல் வந்து உட்கார்ந்தார் தனலட்சுமி அக்கா. கொஞ்ச நேரம் தரையைக் கீறிக்கொண்டிருந்துவிட்டு, "அன்னிக்கு நீ சொல்லி அழுதியே, அதுல பாதி என் கதம்மா" என்றார். அடுத்த வாரம் இருவரும் வேலூர் போனோம். அவருக்கு மாத்திரையும் பேச்சும் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று வெட்டிய மூங்கிலைத் திருப்பி எடுத்துப்போக யாருக்கும் மனம் வரவில்லை. வீணாக்குவானேன் என்று கொல்லையில் பந்தல் போட்டு அவரைக்கொடியை ஏற்றிவிட்டோம். காய்ப்பு என்றால் அப்படி ஒரு காய்ப்பு. வீட்டுக்கு யார் சாப்பிட வந்தாலும் என் கணவர் இலையில் ஒரு கரண்டி பொரியலைக் கூடுதலாக வைத்து, "கூச்சப்படாம சாப்புடுங்க, என் பாடைல காய்ச்சது" என்கிறார்.